அறுபது கிராமும் அக்காவின் கொசுறும்

இந்த நாட்டுக்கு வந்து நான் பழகிக்கொண்டவற்றில் விசித்திரமானது, சோற்றை நிறுத்துப் போடுவதுதான். லைப்சிக் நகரத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. மின்தராசில் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, என் மூன்று வயது மகள் கோமுவுக்கு வேளைக்கு அறுபது கிராம் சோறு போடுகிறேன். புரதத்திலுள்ள ஒரு பொருளை அவள் உடம்பால் சிதைக்க முடியாது. இந்தக் குறை பாதி என்னிடமிருந்தும் பாதி என் மனைவியிடமிருந்தும் பிறவியிலேயே வந்தது. அந்தப் பொருள் இரத்தத்தில் தேங்கினால் மூளையைக் கெடுக்கும். அளந்து சாப்பிட்டு, டப்பாவில் வரும் மருந்து மாவைக் கரைத்துக் குடித்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள். வளர்கிறாள்.

அவள் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஊரில் பிறந்திருந்தால் இதைத் தேடியிருப்பார்களா, தெரியவில்லை. இங்கே உணவுமுறை சொல்லித்தரும் அம்மையார், நாங்கள் இந்தியர்கள் என்றதும் முகம் மலர்ந்து, "சைவமா, அப்படியானால் எளிது" என்றார். நானும் தலையாட்டினேன். பருப்பு, பயறு, தயிர், இட்லி என்று நான் சொல்லச் சொல்ல அவர் புரதம், புரதம் என்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். எங்கள் பட்டியலில் அளக்காமல் போடலாம் என்று கடைசியில் தப்பியது ஜவ்வரிசிதான்.

போன வருடம் மூன்று வாரம் சங்கரன்கோவிலுக்குப் போனோம். அக்காவுக்குக் கோயில் பக்கத்தில் பூக்கடை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அக்கா ஐந்தாம் வகுப்போடு பூக்கட்ட உட்கார்ந்தவள். நாங்கள் கொண்டுபோன தராசைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்தபோது அவள் மட்டும் அசரவில்லை. "மல்லியப்பூவ கிராம் பிசகாம நிறுக்கவ, சோத்த நிறுக்க மாட்டேனாலே?" என்றாள். நிம்மதியாக அவளிடம் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், கோமுவின் இரத்தத்தில் அந்தப் பொருளின் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. சாப்பாட்டுக் கணக்கு எழுதும் நோட்டில் எல்லா வேளையும் அறுபதுதான். தராசு பழுதா என்று அம்மையார் கேட்டார். அன்று மாலை, ஊரில் என் மனைவி எடுத்த வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். அக்கா நிறுக்கிறாள். அறுபது காட்டுகிறது. கிண்ணத்தைக் கீழே இறக்குகிறாள். பிறகு பானையிலிருந்து ஒரு பிடி அள்ளி மேலே போடுகிறாள். பூ வாங்க வருகிறவர்களுக்கு எடை போட்டபின் அள்ளிப் போடும் அதே கை.

போன் செய்து, அறுபதுக்கு மேல் ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"எங்கல போட்டேன்? கொசுறுதான போட்டேன்? அது எடையில வராதுல்லா."

"கோமு உடம்புக்கு வரும்க்கா. அந்தக் கொசுறுதான் அவ மூளையக் கெடுக்கும்."

நிறுத்ததை அப்படியே நீட்டக் கை வரமாட்டேன் என்கிறது, அதுவும் நம்ம பிள்ளைக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள். இனி ஊர்ப்பக்கம் கோமுவைக் கூட்டிப் போகவே முடியாதோ என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. மறுநாள் அக்காவே கூப்பிட்டாள்.

"ஏலே, அம்பது நிறுக்கேன். தராச விட்டு எறக்காம மேல பத்து கொசுறு போடுதேன். அறுபதுல நிக்கும். ஒங் கணக்குக்கும் ஆச்சு, எங் கைக்கும் ஆச்சு."

படித்த எனக்குத் தோன்றவில்லை. இந்த வருடமும் மூன்று வாரம் அவள் கையால்தான் சாப்பாடு. இரத்த அளவு எல்லைக்குள் நின்றது.

இப்போது இங்கேயும் அப்படித்தான். நோட்டில் ஐம்பது, பத்து என்று இரண்டாக எழுதியிருப்பதைப் பார்த்து அம்மையார் காரணம் கேட்டார். பத்து என் அக்காவுடையது என்றேன். அக்கா உங்களோடு இருக்கிறாரா என்றார். இல்லை என்றேன். அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டினால் அறுபது வந்ததால் விட்டுவிட்டார்.

தராசு ஐம்பதில் நிற்கும்போது கோமு கிண்ணத்தைத் தொடமாட்டாள். சன்னலுக்கு வெளியே டிராம் மணியடித்துப் போகும். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அந்தப் பத்து விழும்வரை.