தொட்டி விளக்கை அணைத்தது யார்?

இது நடந்தது பட்டப்பகலில். அதனால்தான் யாராவது தூக்கக் கலக்கம் என்று தட்டிக்கழித்தால் லேபில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நடந்தது நடந்ததுதான். ஆனால் பயத்தைவிட அவமானம்தான் இன்றைக்கும் அவளை அரிக்கிறது.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை. காலையில் வீடு திரும்பி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுப் படுப்பாள். கணவன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். புதிதாகக் குடிவந்த வாடகை வீடு. முன்பு இருந்தவர்கள் ஹாலில் விளக்கு வைத்த ஒரு மீன் தொட்டியை விட்டுப்போயிருந்தார்கள். ஆசையாகத் தங்கமீன்கள் வாங்கி அதில் விட்டாள்.

கடைக்காரர் அப்போதே சொல்லி அனுப்பினார். "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் போதும்மா. மீதி நேரம் இருட்டா விடுங்க. அதுங்களும் தூங்கணும்ல?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழகுக்காக விளக்கை இரவும் பகலும் எரியவிட்டாள். கண்ணாடியில் பாசி படர்ந்தது. மீன்கள் வெளுத்துப்போய், பம்புக்குப் பின்னால் ஒடுங்கின.

பிறகு விளக்கு அணைய ஆரம்பித்தது. தூங்கி எழுந்து பார்த்தால் தொட்டி இருட்டாக இருக்கும்.

"அத்தை, லைட்டை அணைச்சீங்களா?"

மாமியார் பதில் சொல்ல மாட்டார். போதாக்குறைக்கு, இவள் தூங்கும்போதெல்லாம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அது வேறு எரிச்சல்.

ஒருநாள் நாத்தனார் வந்திருந்தபோது வாய் மீறிவிட்டது.

"உங்க அம்மாவுக்கு என் பொருள்ல கை வைக்காம இருக்க முடியல. தூங்குறவளைக்கூட வேவு பாக்குறாங்க."

மாமியாரின் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டார்.

மறுநாள் வீட்டில் அவள் மட்டும். படுத்தாள்.

டிக்...

ஹாலில் சுவிட்ச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். தொட்டி இருட்டு. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவிட்ச் தளர்ந்திருக்கும் என்று மறுபடி போட்டுவிட்டு வந்து படுத்தாள்.

டிக்...

செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனாள். சுவிட்சில் ஈரம். கீழே ஈரக் கால்தடங்கள். தொட்டியடியில் தொடங்கி... அவளை ஒட்டியே கடந்து... அவள் அறைக்குள்.

திரும்பி வந்த தடம் இல்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்தது போல...

ஓடினாள்.

வெறுங்காலோடு மாடிப்படியில் நின்று மாமியாரை போனில் அழைத்தாள். "அத்தை..." என்பதற்குள் மறுமுனையில் மாமியாரின் குரல்.

"உள்ள போகாத. வெளியிலயே இரு. இதோ வர்றேன்."

என்ன ஏது என்று கேட்கவே இல்லை அவர். வந்ததும் தன் செருப்பைக் கழற்றி மருமகளின் காலடியில் வைத்தார். அவள் கூனிக் குறுகிப்போனாள்.

மீன்கள் கடைக்காரரிடமே போயின. வேறு வீடு பார்த்துக் குடிபோனார்கள். அங்கே ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க அணைக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"சொன்னா, வேற யாருன்னு கேப்பியே."

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "அதுக்காகவா என் ரூம் வாசல்ல..."

"லைட்டை அணைச்சுட்டு நேரா உன் ரூமுக்குத்தான் வரும். நான் உக்காந்திருந்தா உள்ள போகாது. ஒரே ஒரு நாள் கண்ணசந்துட்டேன்." மாமியாரின் குரல் தணிந்தது. "முழிச்சுப் பாத்தா, உன் தலைமாட்டுல இருந்துச்சு. தூக்கத்துல உனக்குக் கண்ணு பாதி திறந்திருக்கும்ல... அதை ரெண்டு விரலால மெதுவா மூடிவிட்டுக்கிட்டு இருந்துச்சு."