மேலப்பாளையம் வக்கீலும் காயல்பட்டினம் வீடும்

வக்கீல் முஃபீதாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொத்து வழக்கு என்றால் அந்தச் சொத்தைக் கண்ணால் பார்க்காமல் வழக்கைக் கையில் வாங்க மாட்டாள். வயலோ, இடிந்த சுவரோ, போய் நின்று பார்த்துவிட வேண்டும். "ஆபீஸ் போட்ட பொறவும் வெயில்ல அலையுதாளே, கிறுக்கி" என்று கோர்ட்டு வாசலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பார்க்காமல் பேசித் தோற்றவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

பிறந்தது மேலப்பாளையத்தில். வாப்பா தறி ஓட்டினார், உம்மா பீடி சுற்றினாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். இவள் சட்டக் கல்லூரி என்றாள். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் உம்மாதான் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "படிச்சுத் தொலை. பாதியில வந்து நின்னியோ, காலை ஒடிச்சிருவேன்" என்றாள். பாதியில் வந்து நிற்கவில்லை.

அம்பலவாணன் என்ற சிவில் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய ஏச்சு. "ஒன் சத்தம் ஜட்ஜுக்குக் கேக்குமா, டைப்பிஸ்டுக்கு மட்டுந்தானா?" என்றார் முதல் நாளே. "நீங்க நிறுத்தினா கேக்கும் சார்" என்றாள். மனுஷர் சிரித்துவிட்டார். வருஷக்கணக்கில் அவருக்குக் கேஸ் கட்டு சுமந்தாள். பிரிந்தது சண்டையில். ஒரு வழக்கில் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆளைத் தயார் பண்ணச் சொன்னார். "பொய்யைச் சொல்லிக் குடுத்தா, அதுக்குக் காவலும் நாமதான் இருக்கணும். எனக்கு அந்தச் சோலி வேண்டாம் சார்" என்று சொல்லி வெளியே வந்து தனி ஆபீஸ் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழக்கு கிடையாது. கருப்பந்துறையில் ஆற்றங்கரையோரம் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர். "காலைல இருந்து ஒரு கெண்டை கூட ஆஜராகலையே. மீனுக்கும் வாய்தா குடுத்திட்டியா?" என்பார். "பேசாம இருங்க. சம்மன் போயிருக்கு" என்பாள் இவள்.

போன வருஷம் காயல்பட்டினத்தில் இருந்து ஆபிதா பீவி வந்தாள்.

அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆபிதாவின் வாப்பாவும் அவள் நிக்காஹ் அன்று சபையில் வைத்து, "இந்த வீடு எம்மவளுக்கு" என்று சாவியைக் கொடுத்தார். பத்திரத்தை மாற்றவில்லை. ஊரறிந்ததற்குப் பத்திரம் எதற்கு என்று இருந்துவிட்டார். சபையில் இருந்த பெரியவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். வாப்பாவும் போய்விட்டார். துபாயில் இருந்து திரும்பிய அண்ணன் அகமது மீரான், பத்திரம் வாப்பா பேரில்தானே இருக்கிறது, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று திருச்செந்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். ஆபிதாவின் மகளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்த நேரம். வீடு இல்லாத பெண்ணுக்கு அங்கே மாப்பிள்ளை ஏது?

முஃபீதா திருச்செந்தூர் ரயிலேறிப் போய் வீட்டைப் பார்த்தாள். ஆபிதா பைய ஆரம்பித்தாள்.

"பழைய முத்திரைத்தாள் ஒருத்தர்ட்ட இருக்காம். வாப்பா கையெழுத்தையும் அப்படியே போடுவாராம்."

"அந்தத் தாள் உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்."

"அப்ப எம்மவ கதி?"

"வாப்பா வாயால குடுத்தது நம்ம மார்க்கச் சட்டத்துல செல்லும். குடுத்தேன்னு சொல்லணும், நீங்க வாங்கிக்கிடணும், வீடு கைமாறணும். மூணும் நடந்திருக்கு."

"சாட்சி சொல்ல ஆள் இல்லையே."

"இருக்கு. ஒங்க காக்கா."

வழக்குப் போட்ட அண்ணனையா சொல்கிறாள் என்று ஆபிதா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

குறுக்கு விசாரணை நாளில் அகமது மீரான் கஞ்சி போட்ட சட்டையோடு கூண்டில் ஏறினான். பின் பெஞ்சில் அவன் மனைவி அஸீலா. முஃபீதா குரலை உயர்த்தவே இல்லை.

"துபாய்ல இருந்து லீவுல வந்தா எங்கன எறங்குவீங்க?"

"எங்க வீட்டுல."

"எங்க வீடுன்னா?"

"பொண்டாட்டி வீடு."

"கல்யாணத்துக்குப் பொறவு இந்த வீட்டுல என்னைக்காவது தங்கியிருக்கீங்களா?"

"அங்கன எதுக்குத் தங்கணும்? அது ஆபிதா வீடு..."

நிறுத்திக்கொண்டான். டைப்பிஸ்ட் நிறுத்தவில்லை.

"நீங்க இப்ப இருக்கிற வீட்டுப் பத்திரம் யாரு பேர்ல?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். "ஊர் வழக்கத்தைக் கேக்காங்க. சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

"மாமா பேர்ல."

"மாமாவுக்கு ஆம்பளப் பிள்ளைங்க?"

"மூணு பேரு."

"அவங்களும் நாளைக்கு ஒங்களப் போல கோர்ட்டுக்கு வந்தா, நீங்க எங்கன போவீங்க?"

பின் பெஞ்சில் இருந்த அஸீலா எழுந்தாள். புருஷனைப் பார்க்காமல் வெளியே நடந்தாள். அதற்கப்புறம் அவன் பார்வை வாசலிலேயே நின்றுவிட்டது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் சமரசம் என்று ஆள் வந்தது; முஃபீதாவின் ஆபீஸில் கூடினார்கள். எதிர்த்தரப்பு எழுதி வந்த தாளில், 'தங்கை மேலுள்ள பாசத்தால் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்' என்றிருந்தது. ஆபிதா அழுதுகொண்டே பேனாவைக் கேட்டாள். முஃபீதா கொடுக்கவில்லை.

"பாசத்தை வீட்டுல காட்டுங்க காக்கா. பங்கு இருந்தால்லா விட்டுக்கொடுக்க? வாப்பா நிக்காஹ் அன்னைக்கே குடுத்துட்டாங்கன்னு எழுதுங்க."

"எப்படி எழுதினாலும் வீடு அவளுக்குத்தானே வருது?"

"பாசத்துல விட்டதுதானேன்னு நாளைக்கு ஒங்க மவன் வந்து வழக்குப் போடுவான். இவங்க மவளும் கோர்ட்டு வாசல்ல வந்து நிக்கணுமா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேலப்பாளையத்துல பொம்பளைக்கு வீடே கெடையாது. எங்க ஊர் வழக்கத்துல ஒங்களுக்கு என்ன இம்புட்டு ரோசம்?"

"கெடையாதுங்கதாலதான்."

கதவோரம் நின்ற அஸீலா வாயைத் திறந்தாள். "எழுதிக் குடுங்க. எங்க வாப்பா நாளைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு வாராங்க, எங்க வீட்டை எனக்கு எழுதி வைக்க."

வேறு தாளில் எழுதினார்கள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். முஃபீதா வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் ஆபிதா கையில் பேனாவைக் கொடுத்தாள்.

ஆபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"வெள்ளிக்கெழம மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. சபையில வீடு எம்மவளுக்குன்னு சொல்லணும். வாப்பா இடத்துல நீங்க நின்னு சொல்லுங்க காக்கா."

அகமது மீரான், "அஸர் தொழுகைக்கு முன்னாலயா, பொறவா?" என்று கேட்டான்.