குட்டிக்காக நிறுத்திய என்ஜின்

"ஓட்டுநரின் கவனக்குறைவால் நடுக்கடலில் என்ஜின் நின்றது." ஆராய்ச்சிப் படகின் பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யால் சௌந்தரபாண்டிக்கு வேலை போயிற்று, கடலும் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை அவருடைய மைத்துனர் தேனியில் என் மோட்டார் கடைக்கு வந்து, "மச்சான் போயிட்டாக" என்றார். அந்த வரி இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கிறதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் டீசல் என்ஜின் ஓட்டியவர் அவர். அறுபதுகளின் கடைசியில் இருவரும் தூத்துக்குடிக்குப் போய் அந்தப் படகில் சேர்ந்தோம். அவருக்கு என்ஜின், எனக்குக் கயிறு. அதுவரை இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை.

ஒரு மாசி மாதக் காலையில் கொலைத் திமிங்கிலங்கள் வந்தன. ஏழு. கறுத்த முதுகு, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு. பெரியதின் முதுகுத் துடுப்பு ஓர் ஆள் உயரம் இருந்தது. எங்கள் அதிகாரி தொலைநோக்கியுடன் முன்பக்கம் நின்று, "இன்னும் கிட்டப் போ" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு குட்டி, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியை நோக்கி வந்துவிட்டது. நான் கூச்சல் போட்டேன். எட்டிப் பார்த்த சௌந்தரபாண்டி உடனே என்ஜினை நிறுத்தினார். உத்தரவில்லாமல் நிறுத்தக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

சத்தம் அடங்கியதும் அவை விலகவில்லை. அரைமணி நேரம் படகைச் சுற்றியே கிடந்தன. அதிகாரி எடுத்த நல்ல படங்களெல்லாம் அப்போது எடுத்தவைதான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து மரப்பிடியில் காது கொடுப்பார்கள். அவர் அதையே படகின் அடிப்பலகையில் வைத்துக் கேட்டார்.

"மாப்ள, இங்கன வா. பேசுதுக! சின்னமனூர் சந்தை கணக்கா இருக்கு உள்ள."

"ஒங்க வீட்டுச் சண்டையா இருக்கும்யா, நல்லாக் கேளு."

"ஏலே, காத வையி மொதல்ல."

வைத்தேன். கீச்சென்று ஒரு குரல். சற்றுத் தள்ளி இன்னொன்று. ஒன்று கேட்க, ஒன்று பதில் சொன்னதைப் போல இருந்தது.

பிறகு என்ஜின் லேசில் கிளம்பவில்லை. கரை சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. மேலிடத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். அதிகாரி அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. "தாமதமா வந்த விவரம்தான்" என்றார். போட்டேன். சௌந்தரபாண்டியை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நானும் வேலையை விட்டு ஊர் திரும்பினேன். அகராதியை வைத்துக்கொண்டு நானே ஆங்கிலம் படித்தேன். அதன்பின் ஆண்டுதோறும் அந்த அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன். அவர் என்னிடம் கோபித்ததே இல்லை. "தெரிஞ்சா போட்டிருப்பியா? விட்றா" என்பார். நான் விடவில்லை.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து, மயிலாடும்பாறையில் ஒரு கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய இருவரும் போயிருந்தோம். வேலை முடிந்த பின்னும் அவர் தண்ணீருக்குள் இறங்கும் குழாயில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டபடியே நின்றார். தோட்டக்காரர் சிரித்தார். "என்ன சௌந்தரம், கெணத்துல திமிங்கலம் வந்திருச்சா?"

"வந்தா ஒங்களத்தான்ணே மொதல்ல வெசாரிக்கும், இம்புட்டுச் சத்தம் போடுறது யாருன்னு."

திரும்பும் வழியில், என்ன கேட்டது என்று கேட்டேன். "வெறுந் தண்ணி மாப்ள" என்றார். இன்னொரு தடவை கடலுக்குப் போக வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. போகாமலே போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு குரல்கள். இப்போது கடையில் எந்த மோட்டாரில் காது வைத்தாலும் அவற்றைத்தான் தேடுகிறேன்.

இனி ஆக வேண்டியவை. அந்த அலுவலகம் அந்த வரியை அடித்துவிட்டு, குட்டியைக் காப்பாற்ற ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார் என்று எழுத வேண்டும். ஓய்வுபெற்று நலமாக இருக்கும் அதிகாரி, அதைத் தன் கையாலேயே எழுத வேண்டும். அன்று படகில் சமையல் செய்தவர் எல்லாவற்றையும் பார்த்தார். இப்போதாவது வாய் திறக்க வேண்டும். திருத்திய பக்கத்தின் நகலை ஓடைப்பட்டிக்குக் கொண்டுபோய் அவர் மனைவியிடம் படித்துக் காட்ட வேண்டியவன் நான். அதற்கு முன், அந்தப் பொய்யின் கீழிருக்கும் என் கையெழுத்தை அடிக்க வேண்டியவனும் நான்தான்.