வெயிலில் காய்ந்த இரண்டு செல்கள்

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவு கட்ட விளையாட்டு. சாம்பல் நிறத் திரை, மேலிருந்து விழும் கறுப்புக் கட்டங்கள். இத்தனை வருடத்தில் மாறவே இல்லை.

“பேரனுக்காய்யா?” என்றார் கடைக்காரர்.

“எனக்குத்தான்.”

“போன்ல கலர் கலரா ஆயிரம் கேம் கெடக்கு. காலேஜுப் பிள்ளைகளும் இதத்தான் கேட்டு வருது. இந்தக் கட்டத்துல அப்படி என்னதான் இருக்கோ.”

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த மகன், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரோட்டக் கடையில் தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தான். விடுப்பு முடியும்வரை இருவரும் மாறி மாறி ஆடினார்கள். கல்லூரியில் கணிதம் நடத்திய எனக்கு அது சிறுபிள்ளைச் சாமானாகப் பட்டது. கிளம்பும் அன்று அவன் எடுத்ததுதான் அதுவரை மிக உயர்ந்த எண். திரையின் ஓரத்தில் அது நின்றது.

“எம்மா, இத முந்துனா லெட்டர் போடு. பேட்டரி செல்லு மாத்தும்போது டக்குனு மாத்திரணும். செத்த நேரம் விட்டாலும் அம்புட்டும் அழிஞ்சிரும்.”

“ஏலே, நீ திரும்பி வாரதுக்குள்ள முந்திக் காட்டுறேன், போ” என்றாள் அவள்.

அவன் திரும்பி வரவில்லை. மலைப்பாதையில் அவன் போன ராணுவ வண்டி கவிழ்ந்தது.

அதன் பிறகும் அவள் தினமும் மதியம் ஆடினாள். பிள்ளை செத்த வீட்டில் விளையாட்டா என்று ஒருமுறை கேட்டேன். அவள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள். பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அவன் எண்ணை நெருங்கியதும் விரலை எடுத்துவிடுவாள். கட்டங்கள் தாமாக விழுந்து உச்சிவரை குவிந்து ஆட்டம் முடியும். அவன் எண் அப்படியே நிற்கும்.

ஒரு தேர்தல் முடிவு நாளில் மின்சாரம் போய்விட்டது. டிரான்சிஸ்டரில் செல் இல்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் செல்லைத் தூக்கிப்போடுவதில்லை. ரிமோட்டில் தளர்ந்தது கடிகாரத்துக்குப் போகும், கடிகாரத்தில் தளர்ந்தது மொட்டைமாடி வெயிலில் காய்ந்து திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில் விளையாட்டிலிருந்த இரண்டையும் கழற்றி டிரான்சிஸ்டரில் போட்டேன். பாதிச் செய்தியில் அவையும் தளர்ந்தன. மாடியில் வைத்தேன். மகன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து விளையாட்டில் போட்டேன். ஓரத்தில் பூஜ்யம்.

அதற்குள் அவள் வந்து திரையைப் பார்த்தாள்.

“செல்லத் தொட்டீகளா?”

“நான் எதுக்குத் தொடுறேன்? திருவிழாக் கடைச் சாமான், தானா அழிஞ்சிருக்கும்.”

பின்மூடியைத் திறந்து செல்களை உள்ளங்கையில் கொட்டினாள்.

“சுடுதே” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. கண் மூடும்வரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. சொல்லிவிட எனக்கு எத்தனையோ மதியங்கள் இருந்தன.

இப்போது அந்த நேரத்தில், கடையில் வாங்கி வந்ததை வைத்து நான் ஆடுகிறேன். கட்டங்களுக்கு முகமில்லை, நிறமில்லை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் நினைத்தது மட்டும் தெரிகிறது. அவன் எண் எவ்வளவு என்று, கணக்கு நடத்தியவன், ஒருநாளும் பார்த்து வைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். எங்கே விரலை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.