செத்தவள் சீட்டில் ஒரு கல்யாணம்

மல்வினா செத்து எட்டு வருஷமாகியும், தினம் காலை ஆறரை மணிக்கு எங்கள் மில்லுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

வந்தது அவள் தங்கை டெலிமா. கியூபெக்கில் நிலம் வயிற்றுக்குப் பற்றாமல் கூத்யூர் குடும்பம் ரயிலேறி ரோட் ஐலண்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. மில்லில் சேரச் சட்டப்படி பதினாலு ஆக வேண்டும். அம்மாக்காரி பெட்டியைத் திறந்து, செத்துப்போன மூத்தவளின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து இவள் கையில் கொடுத்துவிட்டாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை; மில்லில் எங்கள் மாடியில் பாதிப் பேர் இப்படித்தான். என் அப்பா வந்த காலத்தில் ஆற்றங்கரையில் மாடு மேய்ந்ததாம். இப்போது ஏழு மில். எங்களுக்குப் பின்னால் போலந்துக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள். நம் பிள்ளை போகாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தன் பிள்ளை.

"மல்வினா" என்று மேஸ்திரி கத்தினால் டெலிமா திரும்பவே மாட்டாள். பக்கத்து மெஷின்காரி நான், நறுக்கென்று கிள்ளுவேன்.

"உன்னத்தான்டி கூப்பிடறான்."

ஒரு மாசத்தில் பழகிவிட்டது. வாய் தவறினால் வேலை போய்விடுமென்று வீட்டிலும் அம்மாக்காரி மல்வினா என்றே கூப்பிட்டாள்.

டெலிமாவுக்குப் பதினேழு வயதில், பஞ்சு அறையில் வேலை பார்த்த ஓவிலாவோடு கல்யாணம் நிச்சயமானது.

"அக்கா, கல்யாணமாவது என் பேர்ல நடக்கணும். சாமி முன்னாடி செத்தவள நிக்க வைக்க மாட்டேன்" என்றாள் என்னிடம்.

சீட்டு கேட்கத் துணைக்கு நானும் போனேன். கூத்யூர் அம்மாள் பட்டாணி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என் சீட்டக் குடும்மா."

"அது இங்க இல்ல. மில்லு ஆபீஸ்ல இருக்கு. திங்கக்கெழமலேர்ந்து அஸில்டா உன் பேர்ல வேலைக்குப் போறா."

அஸில்டா கடைக்குட்டி, பதின்மூன்று வயது. மெஷினில் கை சிக்கி அவர்கள் அப்பா இரண்டு மாதமாகப் படுக்கையில்.

"பதினேழா உனக்குன்னு மேஸ்திரி சிரிச்சான். நீங்கள்லாம் சூப்பயே குடிச்சு வளரவே மாட்டீங்களான்னான்" என்றாள் அஸில்டா, வாய் நிறைய ரொட்டியோடு.

டெலிமா சிரிக்கவில்லை. "ஊருக்கு எழுதி வேற சீட்டு வாங்கிக்கறேன்."

"வாங்கு. பாதிரியார் கோயில்ல கல்யாண அறிவிப்புல டெலிமான்னு படிப்பார். மறுநாளே மில்லுல மேஸ்திரி எந்த டெலிமான்னு கேப்பான். ரெண்டு பேர் வேலையும் போகும். அப்பறம் அப்பாவுக்கு யாரு ரொட்டி போடறது?"

"அப்ப நான் யாரும்மா?"

"சூப்பக் குடி, ஆறிடும்."

அந்தக் கரண்டியைப் பிடுங்கி எறியலாம்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. என்ன பேச? கிள்ளிக் கிள்ளிப் பழக்கினவள் நான்தானே.

ஜூன் மாதம் கல்யாணம். "மல்வினா, உனக்குச் சம்மதமா?" என்று பாதிரியார் கேட்டார். சம்மதம் என்றாள்.

கோயில் வாசலில், இத்தனை வருஷம் அடக்கி வைத்தது அம்மாளுக்குப் பொங்கிவிட்டது. "டெலிமா, என் கண்ணே" என்று அழுதபடி கையை நீட்டினாள்.

மணப்பெண் ஓவிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்று திரும்பினவள் அஸில்டா.