இரக்கத்துக்காக எழுதிய இரண்டு வருடம்

1974-ஆம் வருடம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை பக்கம், கேரளத்துக்குள்ளேயே தமிழ் பேசும் ஊர் எங்களுடையது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். வக்கீலாக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். பள்ளிப் பேச்சுப் போட்டியில் எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் ஜெயிப்பேன். பேப்பரில் வரும் கோர்ட்டுச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் மலையாளம் எழுத வராது. எனக்கோ அதில் வகுப்பிலேயே முதல் மார்க். அதனால் சொந்தக்காரர்கள் யார் மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்பு ஓரத்தில் ஓர் ஓலைக் குடிசை இருந்தது. அதில் தோப்பு வேலை பார்க்கும் ஓர் அம்மா தனியாக இருந்தார். புருஷன் இறந்துவிட்டார். மகளை உடுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை வாங்க, போங்க என்பார். அதில் தப்பு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர்கள் மனுக் கொடுத்தால், அந்தக் குடிசையும் சுற்றியுள்ள பத்து சென்ட்டும் அவர்கள் பெயருக்கே கிடைக்கும் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது அந்த அம்மா வாய்க்கால் மேட்டில் காத்திருந்தார். டவுனில் மனு எழுதுபவர்கள் எல்லோரும் பெரியப்பாவுக்கு வேண்டியவர்கள், அங்கே போனால் காதுக்கு எட்டிவிடும், நீங்கதான் எழுதித் தர வேண்டும் என்றார். பெரியப்பா வீட்டுப் பெண்ணிடமே வந்து கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். சொந்தப் பெரியப்பாவையே எதிர்த்து நியாயம் பேசப் போகிறோம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

அவர் சொன்னது மூன்றே வரி. கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கேதான் இருக்கிறேன், வேறு வீடு இல்லை, போக்கிடம் இல்லை. எனக்கு அது சப்பென்று இருந்தது. படிப்பவர் கண்ணில் தண்ணீர் வர வேண்டாமா? புயல் மழையில் குடிசை சரிந்து, இரண்டு வருடம் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் அகதியாகக் கிடந்து, மறுபடி இந்த மண்ணைத் தேடி வந்ததாக ஒரு கதையை நானே கட்டினேன். நல்ல மலையாளத்தில் இரண்டு பக்கம். அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவருக்கு என்ன புரியப் போகிறது என்ற நினைப்பு. காட்டிய இடத்தில் அவர் கைநாட்டு வைத்தார்.

விசாரணை நாளன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் அவரோடு டவுனில் இருந்த நில விசாரணை ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். என் முதல் கேஸ் அல்லவா! பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்வரிசையில் பெரியப்பா இருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து, என் மனுவின் இரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்தார். தொடர்ந்து இரண்டு வருடம் வேறிடத்தில் இருந்தவருக்கு அந்தக் குடிசையில் உரிமை கிடையாது, இதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார்.

விசாரணை அதிகாரி அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இது உண்மையா என்று தமிழிலேயே கேட்டார்.

"நான் ஒரு நாளும் ஊட்ட உட்டுட்டுப் போனதில்லீங்க. மக பெத்ததுக்குக்கூட காலைல போயிட்டுப் பொழுதோட வந்துட்டனுங்க" என்றார் அவர்.

அப்படியானால் இந்தக் கைநாட்டு உங்களுடையது இல்லையா என்று கேட்டார் அதிகாரி. என்னுடையதுதானுங்க என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கைதான் அந்தப் பார்வையில் இருந்தது. எழுந்து, அது நான் கட்டிய பொய் என்று சொன்னால் போதும். பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும், போலீஸ் பிடிக்குமோ என்று என்னென்னவோ தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன். மனு தள்ளுபடியாயிற்று.

சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அடி விழும் என்று நினைத்தேன். அவரோ என் தலையைத் தடவிக் கொடுத்து, அப்பாவிடம் சொன்னார்: "வக்கீலுக்கே தோணாததை நம்ம புள்ள எழுதிப் போட்டிருக்குது. இவளைச் சட்டம் படிக்க வெச்சே ஆகோணும்." அப்பா சிரித்தார். அன்று நான் சாப்பிடவில்லை.

பத்து நாளில் அந்த அம்மா குடிசையைப் பிரித்தார். மகள் வீட்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மூங்கில்களை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அதற்குள் அவரே பேசினார்.

"உங்க பெரீப்பா சொல்லித்தான அப்படி எழுதுனீங்க? ஊட்டுப் பெரியவங்க சொன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க, அம்முணி. உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க."

ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நான் சட்டம் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம், பெண்களுக்கு அது சரிப்படாது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஆசிரியைப் பயிற்சி முடித்து, முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். பெரியப்பா போய்ப் பல காலமாகிறது. அவர் செய்யாத குற்றத்தை நான் அவர் தலையில் கட்டியது அவருக்கும் கடைசிவரை தெரியாது.

அந்த அம்மா இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. சாகும்வரை என்னை நல்ல பிள்ளை என்றேதான் நினைத்திருப்பார். அந்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.