டிஷ்யூ பொட்டலங்கள் உட்கார்ந்திருந்த மேசை

நான் வரைந்த மேசையை எடுத்துவிடலாம் என்று தொலைபேசியில் சொன்னார் விடுதிக்காரர். கிளமெண்டி பக்கம் நாங்கள் வடிவமைத்துக் கொடுத்த மாணவர் விடுதி அது. தரைத்தளத்தில் பொதுச் சமையலறையை ஒட்டி ஒரு நீள மேசை உண்டு.

"எப்பப் பார்த்தாலும் மேசை ஃபுல்லா இருக்கு. ஆனா ஒரு ஆளும் இல்ல. அடுத்துக் கட்டப்போற பிளாக்ல அந்த இடத்துலயும் ரூம் போட்டுடலாம் லா" என்றார்.

நிறைந்திருக்கிறதாம், ஆனால் ஆளில்லையாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோபம் மட்டும் நன்றாக வந்தது.

அந்த மேசைக்காக நான் கொஞ்சமா வாதாடினேன்? என் அலுவலகம் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. மதியச் சாப்பாடு தேக்கா உணவங்காடியில்தான். அங்கே முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மிளகாய்ச் சம்பலை நகர்த்திக் கொடுப்பார்கள், யாரோ பெற்ற பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவார்கள். அறைகளைக் கொஞ்சம் சிறிதாக்கி அப்படி ஒரு மேசையைப் போட்டுவிட்டால் மாணவர்கள் தானாகக் கூடுவார்கள் என்று நம்பினேன்.

இதில் என் சொந்தக் கவலையும் கலந்திருந்தது. என் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அதே விடுதியில் தங்கியிருக்கிறாள். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். "தனியா இருந்து பாக்கணும் வாப்பா" என்றாள். தனியாக இருக்க அவளுக்குப் பயிற்சியே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இடைவேளையிலும் ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை. கேட்டால் "இட்ஸ் ஓகே லா" என்பாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒருவர் கிடைத்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் நான் விடுதிப் பக்கமே வரக் கூடாது என்று கட்டளை. "நீங்கதான் டிசைன் பண்ணீங்கன்னு தெரிஞ்சா மானம் போயிடும்" என்றாள். இதில் மானம் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மேசை விவகாரம் அலுவலக வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் போய் நின்றேன்.

விடுதிக்காரர் சொன்னது உண்மைதான். ஏறக்குறைய எல்லா நாற்காலிக்கும் முன்னால் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தது. உணவங்காடியில் சாப்பாடு வாங்கப் போகுமுன் பொட்டலம் வைத்து இடம் பிடிப்போமே, அதே பழக்கம். பொட்டலம் இருந்தால் அங்கே வேறு யாரும் உட்காரக் கூடாது, இந்த ஊரில் அது எழுதாத சட்டம். ஆனால் உணவங்காடியில் பொட்டலத்துக்குப் பின்னாலேயே ஆள் தட்டோடு வந்துவிடுவார். இங்கே ஒருவரும் வருவதாகத் தெரியவில்லை. நான் தேக்காவிலிருந்து மேசையைக் கொண்டுவந்தேன், இவர்கள் டிஷ்யூவை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். இவர்களை என்ன செய்வது?

எரிச்சலில் கடைசி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு எனக்கு முன்னால் இருந்த பொட்டலத்தைப் பிரித்து வியர்வையையும் துடைத்துக்கொண்டேன்.

"அங்கிள், அங்க ஆள் இருக்கு."

கையில் இரண்டு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பேச்சில் மதுரை வாடை அடித்தது. படிக்க வந்த பிள்ளை போலும்.

"எங்கேம்மா ஆள்? டிஷ்யூதான் இருக்கு" என்றேன் கடுப்பாக.

"மேல ரூம்ல இருக்கா அங்கிள். நான்தான் அவளுக்கு இடம் பிடிச்சு வச்சேன்."

"இவ்வளவு நாற்காலி கிடக்கு. யாரையும் காணோம். இதுல பிடிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"சும்மா கூப்பிட்டா பசிக்கலம்பா. உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்னு போட்டோ எடுத்து அனுப்பினா, ஐயோ, வேற யாராவது உட்கார முடியாம நிப்பாங்களேன்னு பதறி ஓடி வந்துருவா. தினமும் இதே கதைதான்." சிரித்துக்கொண்டே அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவ வாப்பாதான் இந்த பில்டிங்க வரைஞ்சாராம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கா. நீங்களும் சொல்லிராதீங்க."

சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தேன். "சொல்ல மாட்டேன்" என்றேன். மற்ற பொட்டலங்களைக் காட்டி, "அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். யாராவது யாருக்காவது வச்சிருப்பாங்க."

மின்தூக்கி இறங்கும் சத்தம் கேட்டது. பிரித்த பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, என் பையிலிருந்து பிரிக்காத டிஷ்யூ பொட்டலம் ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பக்கத்துக் கதவு வழியாக, திருடன் மாதிரி, வெளியே வந்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தேன். என் மகள் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடிவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நீள மேசையின் ஒரு மூலையில் அவர்கள் இருவர் மட்டும்தான். விடுதிக்காரரிடம் நான் என்னவென்று சொல்வது? மேசை பயன்படுகிறது என்றா, இல்லை என்றா? அவளைக் கீழே இறக்கியது என் மேசை இல்லை, அந்தப் பெண் வைத்த பொட்டலம். ஆனால் மேசையே இல்லாவிட்டால் பொட்டலத்தை எங்கே வைத்திருப்பாள்? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. சிரிப்பா, அழுகையா என்றும் தெரியவில்லை.

உள்ளே என் மகள் வாய் நிறைய மீயோடு எதையோ சொல்லிச் சிரித்தாள். பிறகு நான் வைத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை உருவி, அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.